பாயிண்டரை முழு எண்ணாக மாற்றுவது: எண் திரும்பி வந்தால் உரிமையும் திரும்பி வருமா?

வாசகர் கேள்வி, 2025 ஜூலை 4, செவ்வாய்ப்பேட்டை

கொலுசுப் பட்டறைகளுக்குச் செல்லும் மின்னணுத் தராசுகளின் ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள் பதித்த சி மொழி நிரலை, பராமரிக்கிறேன். பாயிண்டர் என்பது ஒரு முகவரி, முகவரி என்பது ஓர் எண். ஆகவே அதை முழு எண்ணாக மாற்றிக் கணக்குப் போட்டு மறுபடி பாயிண்டராக்குவதில் ஆபத்து உண்டு என்பது மிகைப்படுத்தல் என்றே கருதுகிறேன். எங்கள் நிரலில் இத்தகைய மாற்றங்கள் ஏராளமாக உள்ளன (பட்டியலைத் தனியே அனுப்பியிருக்கிறேன்), ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன. சிப்புக்குத் தொகுத்த நிரல் இன்றும் நன்றாகவே இருக்கிறது. அதே நிரலைச் சோதனைக்காக மேசைக் கணினியில் ஜிசிசி 14 என்ற கம்பைலர் கொண்டு தொகுத்தால் பிழை என்று நின்றுவிடுகிறது. எச்சரிக்கைகளை அணைத்துவிட்டுத் தொடரலாமா?

2025 ஜூலை 4, இரவு

அணைக்க வேண்டாம். கம்பைலர் இரண்டு வெவ்வேறு குறைகளைச் சொல்கிறது. அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காஸ்ட் (வகையை மாற்று என்ற வெளிப்படையான கட்டளை) எதுவும் எழுதாமல் பாயிண்டரை இன்ட் (சாதாரண முழு எண்) மாறியில் வைப்பது முன்பு வெறும் எச்சரிக்கையாக இருந்தது. 2024-இல் வந்த ஜிசிசி 14 அதைப் பிழையாக்கியது. அறிவிக்கப்படாத ஃபங்ஷனை அழைப்பதும் அப்போதே பிழையாயிற்று. ஆனால் காஸ்ட் எழுதி, அகலம் பொருந்தாமல் மாற்றுவது இன்னமும் எச்சரிக்கைதான். முதல் வகைப் பிழைக்கு ஒரு காஸ்ட் எழுதி வாயை அடைத்தீர்களானால், அது இரண்டாம் வகையாக உருமாறி எச்சரிக்கைப் பட்டியலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பட்டியலையும் அணைத்துவிட்டால் அதைத் தேட இடமே இராது.

உங்கள் சிப்பில் இன்ட் 32 பிட், பாயிண்டரும் 32 பிட். மேசைக் கணினியில் இன்ட் அதே 32 பிட்டாக நிற்க, பாயிண்டர் 64 பிட்டாகிவிடுகிறது. மேல் பாதி உதிர்ந்துபோகிறது.

2025 ஜூலை 5, காலை

மேல் பாதி உதிர்ந்தும் சில கணினிகளில் அந்த நிரல் ஓடுவது ஏன் என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, ஏனெனில் இந்தப் பிழை பல ஆண்டுகள் மறைந்திருக்கும் இடமே அதுதான். லினக்ஸில் பழைய முறையில் தொகுத்த நிரல் தாழ்வான, நிலையான முகவரியில் ஏறும். நிரல் ஓடும்போது கேட்டுப் பெறும் நினைவிடமான ஹீப் அதற்குச் சற்று மேலே தொடங்கும். மாலாக் என்ற ஃபங்ஷன் அதிலிருந்து தரும் சிறு துண்டுகளின் முகவரிகள் 4 ஜிபிக்குக் கீழேயே அமைவதால், 32 பிட்டாக வெட்டினாலும் இழப்பு எதுவும் இருப்பதில்லை. எந்த முகவரியிலும் ஏறக்கூடிய வகையில் நிரலைத் தொகுக்கும் பை முறை 2016-ஐ ஒட்டி உபுண்டு போன்ற விநியோகங்களில் இயல்பானது. அதன்பின் ஹீப் வெகு உயரத்துக்குப் போய்விட்டது. வெட்டப்பட்ட முகவரி எதையும் சுட்டுவதில்லை.

சூரமங்கலத்தில் நான் வேலை பார்க்கும் இடத்தில், சேகோ ஆலை உலர்த்திகளுக்கான வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியின் மெமரி பூல் (முன்கூட்டியே ஒதுக்கிவைத்த நினைவிடத் தொகுப்பு) நிரலை இப்படித்தான் கணினியில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பழைய கணினியில் எல்லாச் சோதனைகளும் தேறின; புதிய கணினியில் முதல் சோதனையிலேயே செக்மென்டேஷன் ஃபால்ட் (தகாத முகவரியைத் தொட்ட பிழை) வந்தது. புதிய கணினியின் ரேமைத்தான் முதலில் எல்லோரும் சந்தேகித்தார்கள்.

2025 ஜூலை 5, மதியம்

"இன்ட் வேண்டாம், அன்சைன்ட் லாங் போடுகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். லினக்ஸில் அந்தக் குறியில்லா நீள் எண் வகை சரியாக வரும். லினக்ஸ் கெர்னலே முகவரிகளை அன்சைன்ட் லாங்கில்தான் வைத்துக்கொள்கிறது. ஆனால் 64 பிட் விண்டோஸில் லாங் 32 பிட்டாகவே நிற்கிறது. உங்கள் கருவியின் கேலிபரேஷன் மென்பொருள் விண்டோஸில் ஓடுவதாகவும், உங்கள் மெமரி பூல் நிரலையே அங்கும் பயன்படுத்துவதாகவும் நீங்களே சொல்லியிருப்பதால், பாயிண்டரைக் கொள்ளும் அளவுள்ள குறியில்லா எண்ணாகச் சி99 (சி மொழியின் 1999 தரம்) தந்த யுஇன்ட்பிடிஆர்_டி (uintptr_t) வகையைத் தவிர வேறெதையும் எடுக்கக் காரணமில்லை.

அந்த வகை தரும் உறுதிமொழி சிறியது, அதை முழுமையாகப் படிக்க வேண்டும்: செல்லுபடியாகும் ஒரு வாய்ட் பாயிண்டரை (எவ்வகைப் பொருளையும் சுட்டும் பாயிண்டரை) அதற்கு மாற்றி, எந்த மாற்றமும் செய்யாமல் திரும்ப வாய்ட் பாயிண்டராக்கினால், கிடைப்பது மூலப் பாயிண்டருக்குச் சமம் என்று ஒப்பிடப்படும். நடுவில் கூட்டலாம், கழிக்கலாம், எக்ஸ்ஆர் (இரண்டு எண்களைப் பிட் வாரியாகக் கலப்பது) செய்யலாம் என்று அதில் எங்கும் சொல்லப்படவில்லை.

2025 ஜூலை 5, மாலை

மதியம் எழுதியதற்கு ஒரு துணைக் குறிப்பு, ஏனெனில் அகலமான வகை என்றால் எப்போதும் பாதுகாப்பு என்று அதைப் படித்தவர் எண்ணக்கூடும். 32 பிட் பாயிண்டரை நேரடியாக 64 பிட் எண்ணுக்குக் காஸ்ட் செய்தால் மேல் 32 பிட்டுகளில் என்ன வரும்? சுழியம் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். ஜிசிசி குறி பிட்டை (32 பிட்டில் உச்சியில் உள்ள பிட்டை) மேல் பாதி முழுவதும் நீட்டுகிறது. இந்த நடத்தையை நம்பக் கூடாது என்றும் அதன் கையேடே எச்சரிக்கிறது. சிப்பின் உள் ரேம் பதினாறடிமான 20000000-இல் தொடங்குவதால் இதை யாரும் கவனிப்பதில்லை. வெளியே எஸ்டிராம் (கூடுதல் ரேம்) பொருத்தி அது சி0000000-இல் அமைந்தால், பதிவேட்டில் (லாகில்) எழுதிய முகவரியின் மேல் பாதி முழுவதும் எஃப் எஃப் என்று நிரம்பி நிற்கும். முதலில் யுஇன்ட்பிடிஆர்_டி, பிறகு 64 பிட் எண் என்று இரண்டு படியாக மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை.

2025 ஜூலை 8

"அகலம் பற்றிய பேச்சு புரிகிறது. அகலம் சரியாக இருந்தால் பாயிண்டரும் எண்ணும் ஒன்றுதானே?" என்று மறுபடி கேட்டிருக்கிறீர்கள். இந்த இழையின் உண்மையான கேள்வி இதுதான். ஒன்றல்ல.

ஏற்காட்டில் ஒரு தோட்டத்தின் சர்வே எண் எவருக்கும் தெரியலாம், துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். அதனால் அந்தத் தோட்டத்தில் மிளகு பறிக்கும் உரிமை வந்துவிடாது, அதற்குப் பட்டா வேண்டும். பாயிண்டரில் எண்ணும் உண்டு, பட்டாவும் உண்டு. முழு எண்ணாக மாற்றியதும் எண் மட்டும் மிஞ்சுகிறது. இந்தப் பட்டாவை, சி மொழியின் தரத்தை வகுக்கும் தரக்குழுவினர் ப்ராவினன்ஸ் என்கிறார்கள்: எந்தப் பொருளிலிருந்து இந்தப் பாயிண்டர் பிறந்தது என்ற செய்தி. சாதாரணச் சிப்பில் அது எந்த பிட்டிலும் எழுதப்பட்டிருப்பதில்லை. கம்பைலரின் கணிப்பில் மட்டும் இருக்கிறது. அதனால்தான் டிபக்கரில் பார்ப்பவருக்கு அது தெரிவதில்லை.

நடைமுறையில் எப்படிக் கடிக்கிறது என்று பாருங்கள். உங்கள் தராசில் எடை என்றொரு அரே (வரிசை), அதை ஒட்டி டேர் (காலிப் பாத்திரத்தின் எடை) என்றொரு அரே. எடை அரேயின் கடைசி உறுப்புக்கு அடுத்த முகவரியும் டேர் அரேயின் முதல் உறுப்பின் முகவரியும் ஒரே எண்ணாக அமைந்துவிட்டன. எடையிலிருந்து பிறந்த பாயிண்டரை அந்த இடம்வரை நகர்த்தி, இரண்டு முகவரிகளும் சமம்தானா என்று சரிபார்த்த பிறகே அதன் வழியாக எழுதுகிறீர்கள். மெமரியில் டேரின் முதல் உறுப்பு மாறிவிடும். ஆனால் டேரிலிருந்து பிறந்த எந்தப் பாயிண்டர் வழியாகவும் எழுதப்படவில்லை என்று கணித்த கம்பைலர், அடுத்த வரியில் டேரைப் படிக்கச் சொன்னால் மெமரிக்குப் போகாமல் பழைய மதிப்பையே தரலாம். மெமரியில் ஓர் எண், திரையில் வேறோர் எண்.

சி தரக்குழுவின் முன் 260-ஆம் குறைபாட்டு அறிக்கையாக இக்கேள்வி வந்தது. 2004-இல் குழு தந்த விடை: பிட் வடிவம் ஒன்றாகவே இருந்தாலும் இரு பாயிண்டர்களின் பிறப்பு வேறாக இருந்தால், கம்பைலர் அவற்றை வேறாக நடத்தலாம். பாயிண்டரை எண்ணாக்கித் திரும்பக் கொண்டுவந்தால், கிடைக்கும் பாயிண்டர் மூலப் பாயிண்டர் சுட்டிய அதே பொருளையே சுட்ட வேண்டும், இல்லாவிட்டால் நடத்தை வரையறுக்கப்படாதது என்று ஜிசிசி கையேடும் எழுதிவைத்திருக்கிறது.

2025 ஜூலை 9

"இதற்கெல்லாம் அசெம்பிளியிலேயே எழுதிவிடலாமே" என்கிறார் ஒருவர், கம்பைலரை விட்டுச் சிப்பின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் முறையைச் சொல்கிறார். எழுதலாம். அசெம்பிளியில் ப்ராவினன்ஸ் தொல்லை கிடையாது. செவ்வாய்ப்பேட்டையிலிருந்து இரவு பத்து மணிக்கு வரும் தொலைபேசித் தொல்லை மட்டும் அப்படியே இருக்கும்.

2025 ஜூலை 11

நேற்று முன்தினம்வரை எழுதியதைப் படித்தால், எண்ணைப் பாயிண்டராக்குவதே குற்றம் என்று தோன்றும். அவ்வளவு கடுமை வேண்டியதில்லை. 2025-இல் வெளியான ஐஎஸ்ஓ டிஎஸ் 6010 என்ற தொழில்நுட்ப விவரக்குறிப்பு, சி மொழிக்கு இதற்கென்றே ஒரு நினைவக மாதிரியை வகுத்திருக்கிறது. ஒரு பாயிண்டரை முழு எண்ணாக மாற்றும்போது அதன் பொருள் வெளிப்படுத்தப்பட்டதாகக் குறிக்கப்படும். பின்னர் ஓர் எண்ணைப் பாயிண்டராக்கினால், அந்த முகவரியில் இருக்கும் பொருள் முன்பே வெளிப்படுத்தப்பட்டிருந்தால் மட்டும் அதன் உரிமை கிடைக்கும். ஒருமுறையும் வெளிப்படுத்தப்படாத பொருளை, குருட்டாம்போக்கில் கிடைத்த எண் தொட முடியாது. கம்பைலர் தன் மேம்படுத்தல்களைத் தைரியமாகச் செய்ய அந்த ஒரு கட்டுப்பாடு போதுமானதாக இருக்கிறது.

ரஸ்ட் மொழி இதே பிரிவினையை நிரலிலேயே எழுத வைக்கிறது. 2025 ஜனவரியில் வந்த 1.84 பதிப்பில் இதற்கான செயல்கள் நிலைப்படுத்தப்பட்டன: முகவரியை மட்டும் கேட்பது ஒன்று, உரிமையை வெளிப்படுத்தி முகவரியைக் கேட்பது இன்னொன்று, ஏற்கெனவே கையிலுள்ள பாயிண்டரின் உரிமையை வைத்துக்கொண்டு முகவரியை மட்டும் மாற்றுவது மற்றொன்று. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. சி மொழியில் அதற்கென்று பெயர் இல்லாவிட்டாலும் அதன் போக்கைக் கடைப்பிடிக்கலாம்.

2025 ஜூலை 11, இரவு

அந்தப் போக்கை விளக்கச் சொன்னவருக்கு. ஒவ்வொரு கணுவின் (பட்டியலின் ஓர் உறுப்பின்) பாயிண்டரிலும் தாழ்ந்த பிட்டில் ஒரு கொடியை (ஆம்-இல்லை என்ற குறியை) பொதித்து வைக்கும் மேக்ரோ உங்கள் நிரலில் இருக்கிறது. இந்த யோசனையில் குறை இல்லை. லினக்ஸ் கெர்னலின் சிவப்பு-கருப்பு மரம் என்ற தரவமைப்பு தன் கணுவின் நிறத்தைப் பெற்றோர் பாயிண்டரின் தாழ்ந்த பிட்டில்தான் வைத்திருக்கிறது. அதற்காகவே கணுவின் அமைப்பு லாங் அளவுக்கு அலைன் செய்யப்பட்டிருக்கிறது (அந்த அளவின் மடங்கான முகவரியிலேயே அமையும்). 8 பைட் எல்லையில் அமைந்த பொருளின் முகவரியில் கடைசி மூன்று பிட்டுகள் எப்போதும் சுழியமாகவே இருக்கும்.

குறை, கொடியை எடுக்கும் விதத்தில் இருக்கிறது. எண்ணாக்கி, மாஸ்க் செய்து (கொடி பிட்டை அழித்து), விளைந்த எண்ணைப் பாயிண்டராக்குகிறீர்கள். அதற்குப் பதிலாக, எண்ணாக்கிக் கொடியின் மதிப்பை மட்டும் தெரிந்துகொண்டு, மூலப் பாயிண்டரைக் கேரக்டர் பாயிண்டராக வைத்து அத்தனை பைட்டுகள் பின்னோக்கி நகர்த்துங்கள். பொதிக்கும்போதும் அவ்வாறே முன்னோக்கி நகர்த்துங்கள். பொருள் அந்த நகர்வைவிடப் பெரியதாக இருக்கும்வரை இது முற்றிலும் சாதாரணமான பாயிண்டர் கணக்கு. எண்ணிலிருந்து பாயிண்டர் பிறக்கும் இடமே நிரலில் இல்லை. அலைன்மென்ட் குறையாமலிருக்கிறதா என்பதைத் தொகுக்கும் நேரத்திலேயே ஸ்டாட்டிக் அசெர்ட் கொண்டு சரிபார்த்துவிடுங்கள். பின்னாளில் யாரோ ஒருவர் அமைப்பைப் பேக் செய்துவிட்டால் (இடைவெளியின்றி நெருக்கிவிட்டால்) நிரல் தொகுபடாமல் நிற்கும், தராசு தவறாக எடை காட்டாது.

மேல் பிட்டுகளில் பொதிப்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். மேசைக் கணினிகளின் எக்ஸ்86 சிப்பில் முகவரிக்கு 48 பிட்டுதான் பயன்படுகிறது என்று எண்ணி மேலே 16 பிட்டுகளை எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஐந்தடுக்குப் பேஜிங் (முகவரி அட்டவணைகளை ஐந்து அடுக்காக வைக்கும் முறை) வந்ததும் அது 57 ஆயிற்று. ஆர்ம் 64-இல் மேல் பைட்டை வன்பொருள் புறக்கணிக்கும் வசதி உண்டு என்று நம்பினால், அதே பைட்டில் ஆண்ட்ராய்டு 11 முதல் இயக்குதளமே தன் குறியை வைக்கிறது.

2025 ஜூலை 12

"அப்படியானால் ரெஜிஸ்டர் (சிப்பின் வன்பொருளைக் கட்டுப்படுத்தும் இடம்) முகவரி? டேட்டாஷீட்டில் இருப்பதே எண்தானே, அதற்குப் பட்டா யார் தருவது?"

எஸ்டிஎம்32எஃப்4 சிப்பில் முதல் ஜிபிஐஓ (உள்ளீடு-வெளியீட்டு முனைகளின்) தொகுதி பதினாறடிமான 40020000-இல் இருக்கிறது. அந்த எண்ணை வாலட்டைல் (ஒவ்வொரு முறையும் அந்த முகவரிக்கே போக வைக்கும்) பாயிண்டராக்குவதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லை. இதைச் சி மொழித் தரம் கம்பைலரை எழுதுபவரிடம் விட்டுவிடுகிறது. உட்பொதி கம்பைலர்கள் அனைத்தும் எதிர்பார்த்தபடியே நடந்துகொள்கின்றன. அந்த முகவரியில் கம்பைலர் உருவாக்கிய பொருள் எதுவும் இல்லாததால் உரிமைத் தகராறுக்கே இடமில்லை. அத்தகைய மாற்றங்கள் ஒரே தலைப்புக் கோப்பில் இருக்க வேண்டும், வாலட்டைல் விடுபடக் கூடாது, முகவரி 4-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். கார்டெக்ஸ் எம்0-வில் அலைன் ஆகாத படிப்பு நேராக ஹார்டு ஃபால்ட்டில் (நிரலை முறிக்கும் வன்பொருள் பிழையில்) போய் முடியும்.

2025 ஜூலை 12, பிற்பகல்

ஃபங்ஷன் பாயிண்டர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் பூட்லோடர் (முதலில் ஓடி முதன்மை நிரலைத் தொடங்கி வைக்கும் நிரல்) எழுதுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். கார்டெக்ஸ் எம் வரிசையில் ஒரு ஃபங்ஷனின் முகவரியை எண்ணாக்கினால் ஒற்றைப்படை எண் கிடைக்கும். கடைசி பிட் முகவரியைச் சேர்ந்ததன்று. தம்ப் என்ற கட்டளைத் தொகுதியில் சிப் ஓடும் நிலையைக் குறிக்கிறது. முதன்மை நிரலின் வெக்டர் அட்டவணையில் (தொடங்கும்போது பார்க்கும் முகவரிப் பட்டியலில்) முதல் சொல் ஸ்டாக்கின் தொடக்கம், இரண்டாவது ரீசெட் ஹேண்ட்லர், அதாவது ஓட்டம் தொடங்கும் ஃபங்ஷனின் முகவரி. அதை எடுத்து, "முகவரி ஒற்றைப்படையாக இருக்கலாமா" என்று ஐயுற்று மாஸ்க் செய்து தாவினால், சிப் ஃபால்ட்டில் விழும். ஃபிளாஷிலிருந்து ஃபங்ஷனின் பைட்டுகளைப் படித்துச் செக்சம் போடுகிறவர், மாறாக, அந்த பிட்டை நீக்கியே ஆக வேண்டும். தாவுவதற்கு வேண்டிய பிட், படிப்பதற்கு வேண்டாத பிட்.

2025 ஜூலை 15

மழை காரணமாக ஏற்காட்டில் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. காப்பிக் கிடங்கில் ஈரப்பதம் பதியும் ஒரு டேட்டா லாகரைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். முன்பு செய்து கொடுத்தவர், கடைசியாக எழுதிய பதிவின் பாயிண்டரை எண்ணாக்கி, மின்சாரம் போனாலும் அழியாத ஈஈபிராமில் சேமித்திருந்தார். மின்சாரம் போய் வந்தால் அதே எண்ணைப் பாயிண்டராக்கித் தொடரும். ஃபர்ம்வேரைப் புதுப்பித்ததும், மாறிகளுக்கு முகவரி ஒதுக்கும் லிங்கர், பதிவுகள் சேரும் பஃபரை வேறிடத்தில் வைத்துவிட்டது. பழைய எண் இப்போது வேறொரு மாறியின் நடுவில் போய் எழுதியது. முகவரி ஓர் ஓட்டத்துக்கு மட்டும் பொருள் உடையது. அதை ஓட்டத்தைத் தாண்டிச் சேமிக்கக் கூடாது. பஃபரின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பதிவு என்ற வரிசை எண்ணைச் சேமிக்குமாறு மாற்றினேன். 32 பிட்டுக்குப் பதில் 16 பிட் போதுமானதாக இருந்தது என்பது கூடுதல் ஆதாயம்.

கணுக்களின் பூல் வைத்திருப்பவர்கள் அனைவருக்கும் இதையே சொல்வேன். பாயிண்டரை எண்ணாக்கி எங்காவது வைக்க வேண்டும் என்ற ஆசை எழும்போதெல்லாம், வரிசை எண் போதுமா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் போதும்.

2025 ஜூலை 16

ஒரு முகவரி பூலுக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் இடத்தைப் பற்றி. வெவ்வேறு பொருள்களின் பாயிண்டர்களைப் பெரிது சிறிது என்று ஒப்பிடுவது சி மொழியில் வரையறுக்கப்படாதது. இங்கே எண்ணாக்குவதுதான் சரியான வழி, ஏனெனில் எண் திரும்பப் பாயிண்டராவதில்லை. கேள்வி கேட்டுவிட்டு அங்கேயே கைவிடப்படுகிறது. முகவரியிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, விடை பூலின் அளவைவிடச் சிறியதா என்று பாருங்கள். குறியில்லா எண் என்பதால் தொடக்கத்துக்குக் கீழே இருக்கும் முகவரி சுற்றி வந்து மிகப் பெரிய எண்ணாகிவிடும். ஓர் ஒப்பீடே இரண்டு எல்லைகளையும் காக்கும்.

நம் கல்லூரிகளில் இன்னமும் உயிர்வாழும் டர்போ சி என்ற பழைய டாஸ் கம்பைலரில் பயின்றவர்களுக்கு இது பழைய கதை. அதன் ஃபார் பாயிண்டரில் செக்மென்ட் (பகுதியின் தொடக்கம்) ஒரு பாதி, ஆஃப்செட் (அங்கிருந்து உள்ள தொலைவு) மறுபாதி. ஒரே பைட்டுக்கு 4096 வரை வெவ்வேறு எழுத்துமுறைகள் இருக்கலாம். சமமா என்ற ஒப்பீடு இரண்டு பாதிகளையும் பார்க்கும், பெரிதா சிறிதா என்ற ஒப்பீடு ஆஃப்செட்டை மட்டும் பார்க்கும். பாயிண்டர் வெறும் எண் என்ற நம்பிக்கை அந்தக் கணினியிலேயே உடைந்திருக்க வேண்டியது.

2025 ஜூலை 19

"கம்பைலரின் கணிப்பில் மட்டும் இருக்கும் பட்டாவை வன்பொருள் சரிபார்க்குமா" என்ற கேள்விக்கு: சரிபார்க்கும் வன்பொருள் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் எஸ்ஆர்ஐ இன்டர்நேஷனலும் வடிவமைத்த செரி என்ற சிப் கட்டமைப்பிலும், அதன் அடிப்படையில் ஆர்ம் 2022-இல் வெளியிட்ட மொரெல்லோ பலகையிலும் பாயிண்டர் 128 பிட்; அதனுள் முகவரியுடன் எல்லைகளும் அனுமதிகளும் உள்ளன; அந்த 128 பிட்டுக்கு வெளியே ஒரு டேக் பிட் அது போலியன்று என்று காட்டுகிறது. அங்கே யுஇன்ட்பிடிஆர்_டியும் 128 பிட், பொருளின் அளவைக் குறிக்கும் சைஸ்_டி வகை மட்டும் 64. பாயிண்டரை 64 பிட் எண்ணில் வைத்து எடுத்தால் டேக் போய்விடும், பயன்படுத்தியவுடன் சிப் நிறுத்திவிடும். சைஸ்_டியில் முகவரியை வைக்கும் பழக்கம் உள்ளவர்கள், வேறெங்கும் பிடிபடாமல் அங்கே பிடிபடுவார்கள்.

2025 ஜூலை 20

நீங்கள் அனுப்பிய பட்டியலில் எஞ்சியவை. த்ரெட்டுக்கு (இணையாக ஓடும் நிரல் இழைக்கு) சேனல் எண்ணை வாய்ட் பாயிண்டருக்குள் பொதித்து அனுப்புவது: எண்ணிலிருந்து பாயிண்டர், பாயிண்டரிலிருந்து எண் என்ற இந்தத் திசைக்குத் தரம் உறுதி தருவதில்லை, எல்லாக் கம்பைலரிலும் ஓடுகிறது, இன்ட்பிடிஆர்_டி (யுஇன்ட்பிடிஆர்_டியின் குறியுள்ள வடிவம்) வழியாக மாற்றினால் நான் விட்டுவிடுவேன். பதிவேட்டில் பாயிண்டரை அச்சிடும் வரிகள்: எண்ணாக்க வேண்டாம், பிரிண்ட்எஃப்பின் பி வடிவக் குறியீடே போதும். இரட்டைத் திசைப் பட்டியலில் இரண்டு பாயிண்டர்களை எக்ஸ்ஆர் செய்து ஒரே சொல்லில் வைத்திருப்பது: மாற்றிவிடுங்கள். அங்கே கிடைக்கும் எண் இரண்டு பொருள்களின் கலவை என்பதால், எந்தப் பாயிண்டரிலிருந்தும் நகர்த்திப் பெற வழியில்லை. ஒரு கணுவுக்கு 4 பைட் மிச்சம் பிடிக்க அதை வைத்திருந்தீர்கள் என்றால், இரண்டு 16 பிட் வரிசை எண்கள் அதே 4 பைட்டில் அடங்கும்.

அகலம் பொருந்தாக் காஸ்ட்டுக்கான இரண்டு எச்சரிக்கைகளையும் (பாயிண்டரை எண்ணாக்குவதற்கு ஒன்று, எண்ணைப் பாயிண்டராக்குவதற்கு ஒன்று) கணினிச் சோதனைத் தொகுப்பில் பிழையாக உயர்த்திவிடுங்கள். சிப்புக்கான தொகுப்பில் அவை வாய் திறப்பது அரிது, அங்கே இன்ட்டும் பாயிண்டரும் ஒரே அகலம்.